வழியில் மறியல் இருந்தால்

— முதல் நாள் குளிக்கக் கூடாதுன்னு எழுதுங்கண்ணே. லா பாஸ்ல விமானம் எறங்குற எடமே நாலாயிரம் மீட்டர் ஒசரம். வந்ததும் வராததுமா தலைக்கு ஊத்துனா மூச்சு முட்டிரும்.

— மெதுவாச் சொல்லு பசிலியா. ஒத்த விரல்ல தட்டிக்கிட்டிருக்கேன். விவசாயிகள் சங்கத்துக்கு இருபது வருஷம் செயலாளரா இருந்து நான் எழுதுனதெல்லாம் பேனாவுல. கண்ணாடியத் தடவித் தடவி எழுதுறது நமக்கு வராது.

— வர வைங்க. இந்தக் குன்ற விட்டா ஊர்ல வேற எங்க சிக்னல் கெடைக்குது? பொழுது சாயுறதுக்குள்ள அனுப்பிரணும். என் ஆடுங்க கீழ தனியா நிக்குது.

— அதாவது, முறைப்படி மொதல்ல வணக்கம் போடணும். "அன்புள்ள எலீஸ்"னு போடவா, "அன்பு மகளே"ன்னு போடவா?

— எலீஸ்னே போடுங்க.

— நீ வெச்ச பேரு யோலா.

— அது ஏழு மாசம் கூப்பிட்ட பேரு செனோன் அண்ணே. இது இருபத்தஞ்சு வருஷமா கூப்பிடுற பேரு. எலீஸ்னு போடுங்க.

— சரி தாயி, உன் இஷ்டம்.

— அவ சேதிய இன்னொரு தடவ படிங்க. ஏதாச்சும் விட்டுட்டமான்னு பாப்போம்.

— இதோட அஞ்சு தடவ ஆச்சு. "சங்கத்தாருக்கு வணக்கம். நான் எலீஸ், பெல்ஜியத்துல இருக்கேன், வயசு இருபத்தாறு. என்னப் பெத்தவங்க பேரு பசிலியா கொல்கே, ஊரு வில்லபம்பான்னு ஒரு பழைய கோப்புல இருந்துச்சு. அவங்க அங்க இருந்தா இதச் சொல்லுங்க. ஆகஸ்ட்ல மூணு வாரம் உங்க நாட்டுக்கு வர்றேன். அவங்களத் தொந்தரவு பண்ண மாட்டேன். பாக்கணும்னு கேக்க மாட்டேன். முதல் தடவ வர்றவ எதெதுல கவனமா இருக்கணும்னு அவங்க சொன்னா போதும்." அவ்வளவுதான்.

— அவ்வளவுதான் கேட்டிருக்கா. கேட்டதுக்குப் பதில் சொல்றேன். எழுதுங்க. கன்னத்துல கோக்கா இலை அடக்கி வெச்சுக்கணும், தலவலி வராது. ஆனா திரும்பிப் போறப்ப பையில ஒத்த இலகூட இருக்கக் கூடாது, அங்க புடிச்சு உள்ள போட்டுருவாங்க.

— பெல்ஜியத்துல புடிப்பாங்கன்னு உனக்கு யாரு சொன்னா?

— ரேடியோ. எழுதுங்க. கொழாத் தண்ணி குடிக்கக் கூடாது. பையில எப்பவும் கழிப்பறைக் காகிதம் இருக்கணும், பஸ் நிக்கிற எடத்துல எவனும் குடுக்க மாட்டான். ஆகஸ்ட்ல பூமித்தாய் பசியோட வாய் தொறந்திருப்பா, அதனால எது குடிச்சாலும் மொதல்ல ரெண்டு சொட்டு தரையில விடணும்.

— இதெல்லாம் வெளிநாட்டுக்காரிக்கு வெளங்குமா?

— வெளங்காட்டியும் செய்யட்டும். பக்கத்துல இருக்குறவங்களுக்குச் சந்தோஷமா இருக்கும். அப்புறம் சந்தை. கடைக்காரிகிட்டப் போனதும் மொட்டையா "என்ன வெல"ன்னு கேக்கக் கூடாது. வணக்கம் சொல்லணும், அம்மணின்னு கூப்பிடணும். வாங்கி முடிச்சதும் கொசுறு கேக்கணும்.

— கொசுறு கேட்டு வாங்கணும்னே எழுதவா?

— கேக்காம எவ குடுப்பா? சிரிச்சுக்கிட்டே கேக்கணும்னு போடுங்க. சிரிக்காமக் கேட்டா அது சண்டை. அப்புறம், பொம்பளைங்க மூஞ்சிக்கு நேரா போன நீட்டிப் படம் புடிக்கக் கூடாது. ஒருத்தன் எங்க சின்னம்மாவ அப்படிப் புடிச்சு, தக்காளியால மூஞ்சியில வாங்குனான்.

— "அனுமதியின்றிப் புகைப்படம் எடுத்தல் கூடாது."

— தக்காளி எங்க போச்சு?

— அதெல்லாம் முறைப்படி…

— தக்காளியப் போடுங்கண்ணே. புள்ள படிச்சுட்டுச் சிரிக்கட்டும். உங்க எழுத்தப் பாத்தா கோர்ட்டு நோட்டீஸ் மாதிரி இருக்கு.

— போட்டாச்சு, போட்டாச்சு. தக்காளி. மேல சொல்லு.

— மலைக்காரங்க பேசலைன்னா கோவம்னு நெனச்சிரக் கூடாது. கண்ணப் பாக்காமப் பேசுனா வெறுப்புன்னு நெனச்சிரக் கூடாது. நாங்க அப்படித்தான். கீழ சாந்தா குரூஸ் பக்கம் போனா எல்லாரும் சத்தமாப் பேசுவாங்க, பாத்ததும் கட்டிப்பிடிப்பாங்க, பாதி வார்த்தைய முழுங்கிருவாங்க. அதுவும் பாசம்தான், இதுவும் பாசம்தான். ஒரே நாடுன்னு ரெண்டையும் போட்டுக் கொழப்பிக்கக் கூடாது.

— இத நீ சங்கக் கூட்டத்துல சொல்லியிருந்தா கைதட்டு வாங்கியிருப்ப.

— என்னைக்கு என்னப் பேச விட்டீங்க? இப்ப ஊர் ஊராப் போவோம். லா பாஸ்ல ரெண்டு நாள் இருந்து ஒடம்பு பழகுனதும் பெரிய ஏரி. மீன் நல்லா இருக்கும். தொப்பி இல்லாமப் படகுல ஏறக் கூடாது. காத்து குளிரும், அதுக்குள்ள வெயில் தோல உரிச்சிரும், தெரியவே தெரியாது.

— ஏரி ஆச்சு.

— அப்புறம் காடு. முழுக்கைச் சட்ட. ஆத்துல கை விடக் கூடாது. ரெண்டு நாள் மழ விடாமப் பேஞ்சா அங்கேர்ந்து விமானம் கெளம்பாது. அதனால ஊருக்குத் திரும்புற தேதிய ஒட்டி அங்க போகக் கூடாது, மொதல்லயே போயிட்டு வந்துரணும்.

— ஏ பசிலியா, நீ ஒருரோ டவுனத் தாண்டிப் போனதே கெடையாது. காடு உனக்கு எப்படித் தெரியும்?

— முந்தாநாள் நீங்க இந்தச் சேதிய வந்து சொன்னீங்கல்ல? நேத்துப் பூரா சந்தையில கேட்டுக்கிட்டே திரிஞ்சேன். ஆரஞ்சு லாரி ஓட்டுற லூசியோகிட்ட காடு. உப்பு மூட்ட கொண்டாறவன்கிட்ட உப்புவெளி. தெரிஞ்சவங்க வீட்டுப் பொண்ணு ஒண்ணு வருதுன்னு சொல்லிக் கேட்டேன். வெங்காயம் அப்படியே கெடக்கு, விக்கவே இல்ல.

— சரி, சரி. உப்புவெளி.

— ஆகஸ்ட் ராத்திரியில அங்க தண்ணி கல்லாப் போயிரும். தடிக் கம்பளி வேணும். கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி வேணும், இல்லைன்னா வெள்ள வெளிச்சத்துல கண்ணு வெந்துரும். டிரைவர் வாய மோந்து பாத்துட்டுத்தான் வண்டியில ஏறணும்.

— மோந்து பாருன்னு எப்படி எழுதுறது?

— மோந்து பாருன்னுதான்.

— எழுதித் தொலைக்கிறேன். லா பாஸ்லேர்ந்து உப்புவெளிக்கு எதுல போகணும்?

— விமானத்துல.

— விமானத்துலயா?

— ஆமா. அங்கேர்ந்து சுக்ரே. வெள்ளச் செவரு, நல்ல சீதோஷ்ணம், சாக்லேட்டு. சுக்ரேலேர்ந்து மறுபடியும் விமானத்துல லா பாஸ்.

— பசிலியா, நீ விமானத்த அண்ணாந்து பாத்ததோட சரி. நாட்டுல எல்லாரும் உப்புவெளிக்கு பஸ்லதான் போறான். அந்த பஸ் எந்த ரோட்டுல போகுது? கீழ பாரு, தோ மஞ்சள் பஸ் ஒண்ணு. நம்ம வளைவுலதான் கியர் மாத்தி மொனகிக்கிட்டுப் போகுது.

— எனக்குத் தெரியாதா?

— அதாவது, நாடு பூரா புள்ளையச் சுத்த விடுற, நம்ம ஊர மட்டும் ஆகாசத்துலயே தாண்ட வைக்கிற.

— பஸ்ல ஹீட்டர் ஓடாது. வெறச்சுப் போயிருவா.

— தடிக் கம்பளிதான் எழுதியாச்சே.

— ரோட்டுல மறியல் வரும்.

— மறியலும் எழுத வேண்டியதுதான். இந்த நாட்டுக்கு வர்றவங்களுக்கு மொதல்ல சொல்ல வேண்டியதே அது.

— அப்ப எழுதுங்க. பஸ் ஏறுறதுக்கு முன்னாடி வழியில மறியல் இருக்கான்னு மூணு பேர்கிட்டக் கேக்கணும். ஒருத்தர்கிட்டக் கேட்டா பத்தாது. எங்காளுங்களுக்குத் தெரியாதுன்னு சொல்ல வராது. அது மரியாதையில்லன்னு நெனைப்பாங்க. கைய நீட்டி "தோ, பக்கத்துலதான், நேராப் போ"ன்னுருவாங்க. மூணு பேர்ல ரெண்டு பேராவது ஒரே பக்கம் கை காட்டுனாத்தான் போகணும்.

— இது எல்லாரும் சொல்ற புத்திதான்.

— இது நான் பட்டது. ஒருரோவுல எட்டு நாள் தெருத் தெருவா அலஞ்சேன். அநாதைப் புள்ளைங்க ஆசிரமம் எங்கன்னு கேட்டேன். "தோ, நாலு தெரு தாண்டி." "தோ, சந்தைக்குப் பின்னாடி." எல்லாரும் நல்லவங்க, எல்லாரும் கை காட்டுனாங்க. ஒருத்தருக்கும் தெரியல. அவங்கள்ல ஒருத்தர் "தெரியாது தாயி"ன்னு சொல்லியிருந்தா நான் போலீஸ்கிட்டயோ பாதிரியார்கிட்டயோ போயிருப்பேன். டவுன்ல பேசுற ஸ்பானிஷ் எனக்கு அப்ப பத்து வார்த்ததான் தெரியும். எட்டாம் நாள் மார்ல பாலும் வத்திப்போச்சு. திரும்பி வந்துட்டேன்.

— இரு, இரு. ஒருரோவுல எட்டு நாளா? புள்ள ஆஸ்பத்திரியிலயே செத்துப்போச்சுன்னுதான நீ வந்து சொன்ன?

— சொன்னேன்.

— முந்தாநாள் இந்தச் சேதியப் படிச்சுட்டு, ஆஸ்பத்திரிக்காரங்கதான் உன்கிட்டப் பொய் சொல்லியிருக்காங்கன்னு நெனச்சேன்.

— அவங்க சொல்லல. பொழச்சிருச்சு, அம்மா யாரும் வரலைன்னு ஆசிரமத்துக்கு அனுப்பிட்டோம்னாங்க. எந்த ஆசிரமம்னு எழுதிக் குடுத்தாங்க. எனக்குப் படிக்கத் தெரியல, அந்தச் சீட்டும் மழையில நனஞ்சு கூழாப் போச்சு. மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போனா காவக்காரன் உள்ள விடல. செத்துட்டான்னு சொன்னது நான்தான்.

— ஃப்ளோரெந்தினோகிட்டயுமா?

— எம் புருஷன்கிட்டயும்தான். சிலியில திராட்சத் தோட்டத்துலேர்ந்து வந்தாரு. எம்புள்ள எங்கன்னாரு. தொலைச்சுட்டேன்னு சொல்ல நாக்கு எழல. செத்துட்டான்னா கூட உக்காந்து அழுவாங்க. தொலைச்சுட்டேன்னா கேள்வி கேப்பாங்க.

— கல்லறைத் திருநாளுக்கு மூணு வருஷம் படையல் போட்டியே பசிலியா!

— போட்டேன். மாவப் பெசஞ்சு ரொட்டிக் குழந்தை செஞ்சு, அதுக்கு மூஞ்சி வெச்சு, மேசையில கெடத்துனேன். ஊரே வந்துச்சு, சாப்புட்டுச்சு, அவ ஆத்மாவுக்கு ஜெபம் சொல்லிட்டுப் போச்சு. நீங்களும் வந்தீங்க, மூணு வருஷமும். ரெண்டாவது படையலுக்கு அப்புறம் ஆசிரமத்துக் கன்னியாஸ்திரி ஒருத்தங்கள சந்தையில பாத்து விசாரிச்சேன். அந்தப் புள்ளையா, கடல் தாண்டிப் போயிருச்சே, நல்ல குடும்பம்னாங்க. அதுக்கப்புறமும் மூணாவது படையல் போட்டேண்ணே. உசுரோட இருக்கான்னு தெரிஞ்சுக்கிட்டே போட்டேன். மொறப்படி மூணு வருஷமும் போடலைன்னா ஊர் கேக்குமே.

— ஆண்டவரே.

— இப்ப அவ அந்த வளைவுல வந்து எறங்குனா? ஜெபம் சொன்ன வாயெல்லாம் என்னென்ன சொல்லும்? எம் புருஷன் மூஞ்சிய நான் எப்படிப் பாப்பேன்?

— அதுக்குத்தான் விமானமா.

— அதுக்கு மட்டுமில்ல.

— வேற என்ன?

— அவ ஒண்ணே ஒண்ணு கேப்பா. "என்னத் தூக்கிக் குடுத்தியே, அந்த வண்டியில நீயும் ஏன் ஏறல?"ன்னு கேப்பா. அதுக்கு என்கிட்டப் பதில் இல்ல.

— இருக்கே. நடந்தத அப்படியே சொல்லேன். நம்ம சங்கத்து மறியல் மூணாம் நாள். புள்ளைக்கு நெஞ்சுச் சளி, மூச்சு இழுக்குது. நோயாளி வண்டிய மட்டும் விடலாம்னு சங்கத்துல தீர்மானம். வெள்ளக்கார நர்சம்மா ஜீப்பு வந்துச்சு.

— நல்லா ஞாபகம் வெச்சிருக்கீங்க.

— நானும் அங்கதான நின்னேன்.

— அந்தம்மா என்ன சொன்னாங்க?

— முன் சீட்டக் காட்டி, நீயும் ஏறுன்னாங்க.

— நான் என்ன பண்ணுனேன்?

— ஒரு கால வெச்ச.

— நீங்க கையில என்ன வெச்சிருந்தீங்க?

— வருகைப் பதிவு.

— எங்களுக்கெல்லாம் அது லிஸ்ட்டு. வீட்டுக்கு ஒரு தாள். வெடிஞ்சதும் மைப்பெட்டியோட வருவீங்க, வெட்டுத் தழும்பு விழுந்த இந்தப் பெருவிரல நான் அமுக்கணும். வீட்டுக்கு ஒரு ஆள் மறியல்ல உக்காரணும், ஒரு நாள் ரேக விட்டுப்போனாலும் தண்ணி முற போயிரும், நெலமும் போயிரும்னீங்க. எம் புருஷன் சிலியில. அந்த வீட்டுக்கு நான் ஒருத்திதான் ஆளு. "புள்ளைய அனுப்பு பசிலியா, ரெண்டு நாள்ல ரோடு தொறந்துரும், போய்க் கூட்டிக்கலாம்"னீங்க.

— அதாவது, அன்னைக்கு மேலிடத்துலேர்ந்து…

— மறியல் முடிய மொத்தம் பத்தொம்போது நாள் ஆச்சு. இத அவகிட்ட எப்படிண்ணே சொல்றது? ஒரு துண்டு உருளக்கெழங்கு நெலத்துக்காக உன்ன அந்நியர் கையில குடுத்துட்டுக் கல்லு மேல உக்காந்திருந்தேன்னா? பெல்ஜியத்துல வளந்த புள்ளைக்கு மறியல் வெளங்குமா? தண்ணி முற வெளங்குமா? பெத்தவ விட்டுட்டான்னு அவ நெனச்சுக்கட்டும். அதுக்கு அவளே ஒரு சமாதானம் கண்டுபுடிச்சிருப்பா, இத்தன வருஷத்துல. அதக் கெடுக்க வேணாம். ஏண்ணே, என்ன தட்டுறீங்க? நான் ஒண்ணும் சொல்லலையே.

— நீ சொல்லல. நான் எழுதுறேன்.

— படிங்க.

— "எலீஸ், இது வரைக்கும் எழுதுனது உங்க அம்மா. இனிமே எழுதுறது செனோன், சங்கத்துப் பழைய செயலாளர். உங்க அம்மா உங்கள விட்டுட்டுப் போகல. அந்த ஜீப்புல ஒரு கால் வெச்சாங்க. லிஸ்ட்டக் காட்டி அந்தக் கால எறக்க வெச்சது நான்."

— அத அழிங்க.

— மாட்டேன்.

— வயசான காலத்துல உங்களுக்கு எதுக்கு இது? உங்க பேரப் புள்ளைங்க இந்த ஊர்லதான் இருக்குதுங்க.

— இன்னும் இருக்கு, அத மொதல்ல உன்கிட்டச் சொல்லணும். அந்த லிஸ்ட்ட யாருமே கேக்கல பசிலியா. ரோடு தொறந்த அன்னைக்கு ராத்திரியே கட்டாக் கட்டித் தலைவர்கிட்டக் கொண்டுபோனேன். "எல்லாரும் வந்தாங்கல்ல, போதும், நீயே வெச்சுக்க"ன்னுட்டாரு. பிரிச்சுக்கூடப் பாக்கல. மேலத் தெரு கிறிசோஸ்தோமோ வீட்டுல பத்து நாள் ஆளே வரல, அவன் தண்ணிய எவனும் தொடல. எவன் நெலத்தையும் எவனும் புடுங்கல. நீ போயிருக்கலாம். அந்த ஜீப்புல ஏறிப் போயிருந்தா உனக்கு ஒண்ணும் ஆயிருக்காது. இருபத்தஞ்சு வருஷமா நீ வெங்காய மூட்டையோட எதுக்க வர்றப்பெல்லாம் இது எனக்குத் தொண்ட வரைக்கும் வந்து வந்து திரும்பிப் போயிருக்கு. உன் படையல்ல உக்காந்து ஜெபம் சொன்னேனே, அப்பவும் தெரியும்.

— காத்து தூக்குது. போனப் பொத்திப் புடிங்க, சிக்னல் போயிரப் போகுது.

— நான் சொன்னது காதுல விழுந்துச்சா?

— விழுந்துச்சு. விமானம்னு போட்டத அழிச்சுட்டு பஸ்ஸுன்னு போடுங்க.

— பசிலியா…

— போடுங்கண்ணே. "ஒருரோவுலேர்ந்து தெக்க போற பஸ்ல வலப்பக்கம் உக்காரு. ரெண்டு மணி நேரத்துல ஒரு பெரிய வளைவு வரும். தூங்கிராத. வில்லபம்பான்னு சொன்னா டிரைவர் நிறுத்துவாரு. என்னைக்கு வர்றேன்னு எழுது. எழுதாட்டியும் பரவால்ல, ஆகஸ்ட் பூரா நான் அந்த வளைவுலதான் வெங்காயம் விப்பேன்." போட்டீங்களா?

— போட்டேன். ஃப்ளோரெந்தினோ?

— இன்னைக்குச் சோறு போடுறப்பச் சொல்லிர்றேன். கத்துவாரு. கத்தட்டும், அவருக்கும் அது மகதான.

— நான் எழுதுன பகுதி?

— அதுவும் இருக்கட்டும். அவ கேக்குற கேள்விக்குப் பதில் அதுலதான இருக்கு.

— என்னத் திட்டு பசிலியா. ரெண்டு வார்த்த திட்டிரு.

— திட்ட வேண்டியதெல்லாம் எப்பவோ மனசுக்குள்ள திட்டி முடிச்சாச்சு. நீங்களா வாயத் தொறந்து சொல்லுவீங்களான்னுதான் பாத்துக்கிட்டிருந்தேன்.

— நானா சொல்லணுமா? இப்பத்தான சொன்னேன், அதுக்கு முன்னாடி உனக்கு எப்படித் தெரியும்?

— மறு வருஷமே உங்க வீட்டம்மா கடையில எனக்குச் சக்கர மடிச்சுக் குடுத்தது அந்த லிஸ்ட்டுல எங்க வீட்டுத் தாள்லதாண்ணே. வரிசையா பத்தொம்போது ரேக, அத்தனையும் என் பெருவிரலு.